தவக்காலக் கூடை

கேப் கனாவரல் துறைமுகம்
ஜூன் 9, 2024

அன்புள்ள லாலி அக்காவுக்கு,

காஸ்பர் எழுதுகிறேன். நானும் அப்பாவும் இங்கே சௌக்கியம். உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? கல் தரையில் முழங்கால் போட்டுப் போட்டுத்தான் வந்தது என்று சொன்னால் கோபித்துக்கொள்வாய். அதனால் சொல்லவில்லை. மடத்தில் உன்னை சிஸ்டர் மேரி பெர்னார்ட் என்று அழைக்கிறார்கள் என்பதும் தெரியும். அந்தப் பெயர் என் வாயில் நுழைவதில்லை, பொறுத்துக்கொள்.

புது வேலை கிடைத்திருக்கிறது. இறால் படகு இல்லை. ராக்கெட்டின் அடிப்பாகத்தை, அதாவது பூஸ்டரை, கடலிலிருந்து கொண்டுவரும் கப்பலில் வேலை. நீ மடத்துக்குள் போன காலத்தில் மேலே போன ராக்கெட் போனதுதான். இப்போது அப்படியில்லை. மேல் பாகத்தை வானத்தில் விட்டுவிட்டு அடிப்பாகம் எட்டரை நிமிஷத்தில் நெருப்பைக் கக்கிக்கொண்டு திரும்பி வருகிறது. நடுக்கடலில் நாங்கள் நிறுத்தி வைத்திருக்கும் மிதவை மேடையில் நாலு கால் ஊன்றி நிற்கிறது. நாங்கள் பல மைல் தள்ளிக் காத்திருப்போம். அது ஆறி அடங்கிய பிறகு ஏறி, காலைப் பூட்டி, கரைக்கு இழுத்து வருவோம். அதையே சரிபார்த்து மறுபடி அனுப்புகிறார்கள். வாரத்துக்கு இரண்டு, மூன்று என்று போய்க்கொண்டிருக்கிறது.

அப்பாவிடம் சொன்னேன். "மீன் பிடிக்க வக்கில்ல, இரும்பு பிடிக்கப் போறியாக்கும்? ராக்கெட் விடறோம்னு கடலையே மூடி எங்க பொழப்பைக் கெடுத்தானுங்க. அவனுங்ககிட்டயே போய் கூலி வாங்கு" என்றார். பிறகு ரெண்டு தட்டு இறால் புலாவ் சாப்பிட்டார். அதனால் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

உன்னைப் பற்றி ஏதாவது கேட்டாரா என்று எழுதுவாய். கேட்கவில்லை அக்கா. பொய் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

உன் ஜெபத்தில் எங்களையும் சேர்த்துக்கொள்,
காஸ்பர்


கார்மேல் மடம்
ஜூன் 28, 2024

ஆண்டவரின் சமாதானத்தில் என் தம்பி காஸ்பருக்கு,

என் முதுகு என் முதுகாகவே இருக்கிறது. கல் தரையைக் குறை சொல்லாதே. தோட்டத்தில் உருளைக்கிழங்கு தோண்டியதில் வந்தது. உன் உடம்பைப் பார்த்துக்கொள். மிதவையில் ஏறும்போது கயிறு கட்டிக்கொள்கிறாயா? அதை நீ எழுதவே இல்லை.

சில நாள் விடியல் ஜெபத்தின்போது தெற்கே 'டும் டும்' என்று இரட்டை இடி கேட்கும். மழையில்லாத இடி என்று மூத்த சிஸ்டர் ஒருவர் சிலுவை போட்டுக்கொள்வார். கரையிலேயே வந்து இறங்கும் பூஸ்டரின் சத்தம் அது என்று மதர் சொன்ன பிறகுதான் எங்களுக்குப் புரிந்தது. இனி அதைக் கேட்கும்போதெல்லாம் உனக்காக ஒரு 'அருள் நிறை மரியே' ஜெபம் சொல்வேன்.

அப்பா கேட்கவில்லை என்று உண்மையை எழுதினாய். நல்லது. அம்மாவை அடக்கம் செய்த அதே வருஷம் நான் கிளம்பினேன். உனக்கு அப்போது பதினாறு வயது. "இந்த வாசப்படியைத் தாண்டினா, அந்த வாசப்படிக்கு நான் வரவே மாட்டேன்" என்று அவர் சொன்னதை நீயும் நின்று கேட்டாய். பதினோரு வருஷமாக அந்த வார்த்தையைக் காப்பாற்றுகிறார். வருஷா வருஷம் அவர் பிறந்த நாளுக்கு எழுதுகிறேன். ஒன்றுக்கும் பதில் இல்லை. பிரித்துப் பார்க்கிறாரா என்றுகூட எனக்குத் தெரியாது.

எங்களுக்கு ஆசைகள் இருக்கக் கூடாது என்பார்கள். எனக்கு ஒன்று இருக்கிறது. எங்கள் இரண்டு பேரில் ஒருவர் சாவதற்குள், பார்வையாளர் அறையில் கம்பித் திரைக்கு அந்தப் பக்கம் அப்பா ஒரே ஒரு தடவை வந்து உட்கார வேண்டும். பேசக்கூட வேண்டாம்.

இதை அவரிடம் சொல்லாதே. வற்புறுத்தினால் அவர் இன்னும் இறுகிப்போவார் என்று உனக்கே தெரியும்.

என்றும் உனக்காக மன்றாடும்,
அக்கா


துறைமுகம்
செப்டம்பர் 15, 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீயும் நலமா? பதில் எழுத இரண்டரை மாதம் ஆகிவிட்டது, திட்டாதே. கரையில் நின்ற நாள்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஒன்றைக் கொண்டுவந்து இறக்கிவிட்டு, துணி துவைத்து, மறுபடி ஏற வேண்டியதுதான். கயிறு கட்டிக்கொள்கிறேன்.

சேதி ஒன்று இருக்கிறது. அப்பா தினமும் காலையில் அலைதாங்கிச் சுவர்ப் பக்கம் போகிறார். பழைய கூட்டாளி டூயியும் கூட. பூஸ்டர் துறைமுக வாய்க்காலில் நுழைவதை இரண்டு பேரும் உட்கார்ந்து பார்க்கிறார்கள். முதலில் வாய்க்கு வந்தபடி கேலி செய்யத்தான் போனார்கள். இப்போது கரிப் படிவைப் பார்த்தே எது எத்தனை தடவை போய் வந்தது என்று சொல்லிவிடுகிறார். "அது புதுசுடா, மூஞ்சி இன்னும் வெள்ளையா இருக்கு. நேத்து வந்தவ பதினாறு தடவை போனவ" என்று எனக்கே பாடம் நடத்துகிறார்.

போன வாரம் அவர் சொன்னதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். டூயி, "அம்புட்டு உசரத்துக்குப் போயிட்டு சொன்ன எடத்துல வந்து நிக்குது பாரேன்" என்றான். அப்பா உடனே, "கரிஞ்ச இரும்புகூட வீடு திரும்புது. நான் பெத்தது திரும்பல" என்றார்.

அப்பாவின் இதயம் பலவீனமாகிவிட்டது என்கிறார் டாக்டர். மாத்திரை கொடுத்திருக்கிறார். உப்பைக் குறைக்கச் சொன்னார். அப்பாவா குறைப்பார்?

அன்புடன்,
காஸ்பர்


கார்மேல் மடம்
நவம்பர் 20, 2024

அன்புத் தம்பி காஸ்பருக்கு,

உனக்கும் அப்பாவுக்கும் உடல் நலமும் மன நலமும் கிடைக்க வேண்டும். டிசம்பர் முதல் தேதி, கிறிஸ்துமஸுக்கு முந்திய திருவருகைக்காலம் ஆரம்பம். வழக்கம்போல் அதிலும் ஈஸ்டருக்கு முந்திய தவக்காலத்திலும் நாங்கள் கடிதம் எழுதுவதும் இல்லை, படிப்பதும் இல்லை. வருகிறவை மதர் அறையிலுள்ள கூடைக்குப் போய்விடும். உனக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் வருஷா வருஷம் நீ மறப்பாய்.

அப்பா சொன்னதை எழுதியது சரி. எழுதாமல் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்றும் தோன்றியது. இரண்டு மாதமாக அதற்குப் பதில் தேடுகிறேன், கிடைக்கவில்லை. நான் திரும்பாததுதான் என் சத்தியம்; இந்த மடத்தைவிட்டு வெளியே வருவதில்லை என்று வாக்குக் கொடுத்தவள் நான். அது அவருக்குச் செய்த துரோகம் இல்லை என்று எப்படிப் புரியவைப்பது? அன்று அவரைத் தனியாக விட்டு வந்தேன், உன்னையும்தான். அதற்காக நான் வருந்தாத நாள் இல்லை. வந்ததற்காக வருந்தவில்லை. இந்த இரண்டும் ஒன்றாக இருக்க முடியும், காஸ்பர்.

உப்பு விஷயத்தில் அவரோடு சண்டை போடாதே. சமையலில் நீயே குறைத்துவிடு. மிளகாயைக் கூட்டினால் அவருக்குத் தெரியாது.

அக்கா


துறைமுகம்
பிப்ரவரி 9, 2025

அன்புள்ள அக்கா,

சுகமா? கிறிஸ்துமஸ் எப்படிக் கழிந்தது? நான் கடலில் டப்பா மீன் தின்று கொண்டாடினேன். எழுதாமல் இருந்ததற்கு மன்னித்துக்கொள்.

இந்த முறை ஒரு கெட்ட சேதி, ஒரு நல்ல சேதி. பதினேழு தடவை போய் வந்த பூஸ்டர் ஒன்று அழகாக வந்து இறங்கியது. காலைப் பூட்டுவதற்குள் கடல் எழும்பிவிட்டது. எங்களால் மேடையை நெருங்கவே முடியவில்லை. காலையில் பார்த்தால் பாதியாக முறிந்து மேடைமேல் கிடக்கிறது, மேல் பாதி கடலுக்குள் போய்விட்டது. மிச்சத்தைக் கட்டி இழுத்து வந்தோம். எங்கள் ஆள் ஒருத்தன் அழுதேவிட்டான். சிரிக்காதே, நானும் அழுதேன்.

நாங்கள் உள்ளே நுழைந்தபோது அப்பா அலைதாங்கிச் சுவரில் இருந்தார். எழுந்து நின்று தொப்பியைக் கழற்றினாராம், டூயி சொன்னான். அன்று சாயங்காலம் சாப்பிடும்போது, "அது எதுக்கு இனி உதவும்?" என்று கேட்டார். ஒன்றுக்கும் உதவாது என்றேன். "அப்புறம் எதுக்குடா இழுத்துட்டு வந்தீங்க?" "அதை அங்கேயே விட்டுட்டு வர முடியுமாப்பா?"

அடுத்த நாள் என்னிடம் வந்து, பார்வைக்குப் போனால் அந்த மடத்தில் எந்தப் பக்கம் உட்காரவைப்பார்கள், முகம் தெரியுமா, என்று விசாரித்தார். நான் கையிலிருந்த தட்டைக் கீழே போட்டுவிட்டேன். இப்போது சமையலறை மேசையில் உட்கார்ந்து ஏதோ எழுதுகிறார். நான் போனால் பேப்பரைக் கவிழ்த்துவிடுகிறார். இவ்வளவுதான் தெரியும். நான் ஒன்றும் வற்புறுத்தவில்லை, சத்தியமாக.

காஸ்பர்


கார்மேல் மடம்
பிப்ரவரி 17, 2025

என் செல்லத் தம்பிக்கு,

நீ நலமா, அப்பா நலமா என்று கேட்கக்கூடப் பொறுமையில்லை. உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். இன்று ரொட்டி மாவில் உப்பு போட மறந்துவிட்டேன். மதர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

அவர் எழுதட்டும். தப்பும் தவறுமாக இருக்கட்டும், திட்டியே எழுதட்டும். ஒன்றே ஒன்று: மார்ச் 5 சாம்பல் புதன், தவக்காலம் ஆரம்பம். அதற்கு முன்னால் வந்து சேர்ந்தால் அன்றைக்கே பதில் எழுதுவேன். தாண்டிவிட்டால் ஈஸ்டர் முடிந்துதான் என் கைக்கு வரும். நாற்பது நாளுக்கு மேல் அந்த மனுஷனைக் காக்க வைக்கக் கூடாது. இதை அவரிடம் சொல்.

மகிழ்ச்சியில் அவசர அவசரமாக எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் அதனால்தான்.

லாலி அக்கா


துறைமுகம்
மார்ச் 30, 2025

அக்கா,

நீ சௌக்கியமாக இருப்பாய் என்று நம்புகிறேன். தவக்காலம் என்று மறக்கவில்லை. ஈஸ்டருக்குப் பிறகுதான் இதைப் படிப்பாய் என்று தெரிந்துதான் எழுதுகிறேன். நீ உடனே படிப்பாய் என்றால் எழுதவே எனக்குத் தைரியம் வந்திருக்காது.

அப்பா எழுதி முடித்தார். பிப்ரவரி 24, திங்கள்கிழமை என் கையில் கொடுத்தார். "சாம்பல் புதனுக்கு முன்னாடி அவ கைக்குப் போயிடணும்டா. மேல்விலாசம் நீயே எழுது, என் கோழிக் கிறுக்கலை தபால்காரன் படிக்கமாட்டான்" என்றார். விலாசம் எழுதினேன், ஸ்டாம்பும் ஒட்டினேன். தபால்பெட்டிக்குப் போகும் வழியில்தான் அழைப்பு வந்தது. ஏவும் நாளை முன்னே இழுத்துவிட்டார்கள், ஒரு மணி நேரத்தில் கப்பல் கிளம்புகிறது. கடிதத்தை மழைக்கோட்டுப் பையில் செருகிக்கொண்டு ஓடினேன்.

இரண்டாம் நாள் நடுக்கடலில் மழை பிடித்தது. கோட்டைப் போட்டபோது கையில் தட்டுப்பட்டது. அப்பாவின் கடிதம். அதன் பிறகு காற்றும் அலையுமாக ஏவுவது நாலு தடவை தள்ளிப்போனது. கரைக்கு வந்தபோது மார்ச் 6. சாம்பல் புதன் முந்தின நாளே முடிந்துவிட்டது. அன்றே தபாலில் போட்டேன்.

வீட்டுக்குப் போனதும் அப்பா கேட்ட முதல் கேள்வி, "அன்னைக்கே போட்டுட்டேல்ல?" போட்டுட்டேன்பா என்றேன். ஏன் சொன்னேன் என்று இன்றுவரை தெரியவில்லை. அவர் முகத்தைப் பார்த்தேன், வாய் அப்படிச் சொல்லிவிட்டது.

பிறகு மூன்று நாள் தபால்காரன் வரும் நேரத்துக்கு வாசலிலேயே நின்றார். நாலாம் நாள் நிற்கவில்லை. "சரி விடு. நான் பதினோரு வருசம் அவளுக்குப் பதில் போடல. அவ ஒரு தடவை போடலைன்னா என்ன, கணக்கு சரிதான்" என்றார். அலைதாங்கிச் சுவர்ப் பக்கமும் போவதில்லை. டூயி வந்து கூப்பிட்டால், "என்னத்தைப் பார்க்க?" என்கிறார்.

மதருக்கு ஒரு போன் போட்டு விஷயத்தைச் சொன்னால் போதும். அது எனக்குத் தெரியும். அதற்கு முன் அப்பாவிடம் உண்மையைச் சொல்ல வேண்டும். நாளைக்குச் சொல்லிவிடுகிறேன் அக்கா.

காஸ்பர்


கார்மேல் மடம்
ஏப்ரல் 21, 2025, ஈஸ்டர் திங்கள்

காஸ்பருக்கு,

உயிர்த்த ஆண்டவர் உன்னோடு இருப்பாராக.

புனித வாரத்தின் செவ்வாய்க்கிழமை மதர் என்னைக் கூப்பிட்டு நீ போனில் சொன்னதைச் சொன்னார். அப்பா காலைக் காப்பி குடித்துவிட்டு நாற்காலியிலேயே போய்விட்டார் என்று. புனித வியாழன் முதல் மூன்று நாள் அடக்கப் பூசை வைக்க முடியாது, அதனால் ஈஸ்டர் முடிந்துதான் அடக்கம் என்றும் சொன்னார். நாளைக்கு அவரைப் புதைக்கிறீர்கள். நான் அங்கே இருக்க மாட்டேன்.

அன்று மதர், "உன் தம்பி கையெழுத்தில் ரெண்டு கடிதம் கூடையில் இருக்கும்மா, இப்பவே தரட்டுமா?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். அப்பா எழுதாமலே போய்விட்டார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உன் கடிதத்துக்கு என்ன அவசரம் என்று இருந்தது.

இன்று காலை பிரித்தேன். உன் கையெழுத்துக்குள்ளே அவர் கையெழுத்து. அவர் என்ன எழுதினார் என்று உனக்குக் காட்டியிருக்க மாட்டார். அப்படியே கீழே எழுதுகிறேன், பேசுகிற மாதிரியேதான் எழுதியிருக்கிறார்.

"லாலி, அப்பா. எழுதி ரொம்ப நாளாச்சு, சரியா வரல. உன் பதினோரு கடுதாசியும் படிச்சேன். ஒண்ணையும் தூக்கிப் போடல. உங்கம்மா போனப்ப வீடு காலியாயிடுச்சு, நீயும் போனதும் எனக்குக் கோபம் வந்துச்சு. கோபம் போன பிறகு வெக்கம் வந்துச்சு. வெக்கம்தான் இத்தனை வருசம். கொஞ்ச நாள் முந்தி காஸ்பர் உடைஞ்சதை இழுத்துட்டு வந்தான். பாதிகூட இல்ல. அதையும் கொண்டாந்தானுங்க. நானும் இப்ப அம்புட்டுத்தான் மிச்சம். ஈஸ்டர் கழிச்சு மே மாசம் முதல் ஞாயிறு டூயி வண்டில கூட்டிட்டு வர்றேங்கறான். நீ என்னைப் பாக்க இஷ்டப்படுவியான்னு தெரியல. வாங்கன்னு ஒரு வார்த்தை எழுது. அது வந்தா வருவேன். வரலைன்னா தப்பா நினைக்க மாட்டேன்."

இவ்வளவுதான். பிறகு உன் கடிதத்தைப் படித்தேன்.



லாலி


துறைமுகம்
மே 11, 2025

அக்கா,

உன் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்கிற யோக்கியதை எனக்கு இல்லை. ஆனாலும் கேட்கிறேன்.

உன் கடிதம் அடக்கத்துக்கு இரண்டு நாள் கழித்து வந்தது. பத்து நாள் பிரிக்கவில்லை. பிரித்த பிறகு அப்பா எழுதியதைக் கடைசிவரை ஒரேயடியாகப் படிக்க முடியவில்லை. டூயியிடம் காட்டினேன். அவன், "வண்டிய கழுவிக்கூட வெச்சிருந்தேன்டா" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டான். உண்மையை அவனிடமும் சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு அவன் என்னோடு பேசவில்லை.

நாளைக்குச் சொல்கிறேன் என்று எழுதினேனே, சொல்லவில்லை. பதினைந்து நாள் இருந்தது. தினமும் அவருக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்தேன், காப்பி போட்டுக் கொடுத்தேன். சொல்லவில்லை. நீ அவரை வேண்டாம் என்று சொல்லிவிட்டாய் என்று நினைத்துக்கொண்டேதான் போனார். அதை யாராலும் இனி மாற்ற முடியாது.

மன்னிப்புக் கேட்கவில்லை. ஏப்ரலில் ஒரு தடவை, மே மாதத்தில் ஒரு தடவை கடலுக்குப் போய் வந்தேன். இரண்டும் பத்திரமாக வந்து நின்றன. பார்க்கப் பிடிக்கவில்லை.

இனி நீ எழுதாவிட்டால் அதுவும் நியாயம்தான்.

காஸ்பர்


கார்மேல் மடம்
மே 22, 2025

காஸ்பருக்கு,

உடம்புக்கு ஒன்றும் இல்லை. நீ ஒழுங்காகச் சாப்பிடு.

உன் கடிதம் வந்ததிலிருந்து உனக்கு மூன்று கடிதம் எழுதிக் கிழித்தேன். முதலில் எழுதியதில் உன்னை மன்னித்துவிட்டேன் என்று இருந்தது. அது பொய். கிழித்துவிட்டேன். பரலோக மந்திரத்தில் 'எங்களுக்குத் தீமை செய்தவர்களை நாங்கள் பொறுப்பது போல' என்று ஒரு நாளைக்கு எத்தனையோ தடவை சொல்கிறேன். அந்த இடம் வந்தால் என் குரல் நின்றுவிடுகிறது. பக்கத்தில் நிற்கிற சிஸ்டர் எனக்கும் சேர்த்துச் சொல்கிறார்.

நீ ஒரு போன் போட்டிருந்தால், மதர் அந்த நிமிஷமே கடிதத்தை என் கையில் கொடுத்திருப்பார். மதரும் கல் இல்லை, எங்கள் ஒழுங்கும் கல் இல்லை. ஒரு நிமிஷ வேலை. இது உனக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன்.

நான் செய்ததும் இருக்கிறது. பதினாறு வயதுப் பையன் கையில் அப்பாவைக் கொடுத்துவிட்டு நான் வந்தேன். அவர் முகம் வாடினால் பார்க்கப் பொறுக்காமல் பொய் சொல்லும் பழக்கம் உனக்கு அந்த வீட்டில்தான் வந்தது. பதினோரு வருஷம் அவர் கோபத்துக்கும் எனக்கும் நடுவில் நீதான் நின்றாய். ஒரு தடவைகூட நான் உன்னைக் கேட்டதில்லை, உனக்கு எப்படி இருக்கிறது என்று. அப்பா எப்படி இருக்கிறார் என்றுதான் கேட்டேன்.

ஜூன் முதல் தேதி ஞாயிறு, பார்வையாளர் நாள். இரண்டு மணிக்கு மணி அடித்தால் கதவு திறப்பார்கள். நான் கோபமாகத்தான் இருப்பேன். பேசாமலும் இருப்பேன், அழுதாலும் அழுவேன். டூயி வர மாட்டான் என்றால் பஸ்ஸில் ஏறி வா. கப்பல் கிளம்புகிறது என்று கூப்பிட்டால் முடியாது என்று சொல். அப்பாவுக்கு எழுத வேண்டிய வார்த்தை என்னிடமே தங்கிவிட்டது, அதைக் கொடுக்க எனக்கு வேறு ஆள் இல்லை.

வா.

லாலி